தொழிலாளியின் செவிக்கு ஒரு நாட்கணக்கு
இரைச்சல் ஏற்பை அளவிடும் முறைகள்

ஒரு தொழிற்கூடத்தில் இரைச்சல் எவ்வளவு என்று கேட்டால் அது இயந்திரத்தைப் பற்றிய கேள்வி. அக்கூடத்தில் உழைக்கும் ஒருவர் காலை முதல் மாலை வரை எவ்வளவு இரைச்சலைச் செவியில் ஏற்கிறார் என்று கேட்டால் அது மனிதரைப் பற்றிய கேள்வி. இவ்விரண்டுக்கும் விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. ஆயினும் நம் தொழிலகங்களின் பதிவேடுகளில் பெரும்பாலும் முதற்கேள்விக்குரிய விடையே காணப்படுகிறது. பணி நிமித்தமாகச் சில ஆண்டுகளுக்கு முன் நான் புரட்டிப் பார்க்க நேர்ந்த ஒரு பதிவேட்டில் கூடத்துக்கு ஓர் எண் வீதம் எழுதப்பட்டிருந்தது. பன்னிரண்டு மாதங்களுக்கும் அதே எண்கள். கூடத்தில் யார், எத்தனை மணி நேரம், எந்த இயந்திரத்தின் அருகில் நின்றார் என்பதற்கு அதில் பத்தியே இல்லை.

இது வெறும் எழுத்தர் வேலையின் குறை அன்று. இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு வலியின்றி, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது; ஒருமுறை நேர்ந்தால் மருத்துவத்தால் மீட்க இயலாதது. உட்செவியில் நத்தை வடிவிலுள்ள காக்லியாவின் நுண்மயிர் அணுக்கள் ஓயாத இரைச்சலால் சிதைகின்றன. சிதைந்தவை மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பாதிக்கப்படுவது 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதி. உரையாடலின் பெரும்பகுதி அதற்குக் கீழே நிகழ்வதால், தொடக்கத்தில் தொழிலாளியே தம் இழப்பை உணர்வதில்லை. வீட்டிலுள்ளோர் உரத்துப் பேசத் தொடங்கிய பின்னரே உண்மை வெளிப்படுகிறது. செம்பு தட்டும் கன்னார்கள் செவிடாவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி 1700ஆம் ஆண்டில் வெளியான தம் நூலில் குறித்து வைத்தார். நோய் பழையது, அளக்கும் கருவிதான் புதியது.

எவ்வளவு இரைச்சல் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம் 1998இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. நாள்தோறும் எட்டு மணி நேரம் வீதம் நாற்பது ஆண்டுகள் 85 ஏ-டெசிபலில் பணியாற்றுவோரில், முதுமையால் வரும் இழப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 8 பேர் குறிப்பிடத்தக்க செவிக்குறை அடைவர். 90 ஏ-டெசிபலில் அது நூற்றுக்கு 25 பேர். இடையில் இருப்பது ஐந்தே டெசிபல். அந்த ஐந்து டெசிபலைச் சட்டம் எங்கே வைக்கிறது, அளப்பவர் எப்படிக் கணக்கிடுகிறார் என்பதில்தான் இக்கட்டுரையின் பொருள் அடங்கியுள்ளது.

டெசிபல் சராசரிக்கு அடங்காது

டெசிபல் ஒரு மடக்கை அளவை. ஒலியாற்றல் இரு மடங்கானால் அளவு 3 டெசிபல் உயரும். பத்து மடங்கானால் 10 டெசிபல் உயரும். ஆகவே 90 டெசிபல் எழுப்பும் இயந்திரத்தின் அருகே அதேபோன்ற மற்றொன்றை நிறுத்தினால் கிடைப்பது 180 அன்று, 93தான். ஏ-டெசிபல் என்பது மனிதச் செவி தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைவாக உணர்வதற்கேற்பத் திருத்தப்பட்ட அளவு. இக்கட்டுரையில் வருவன அனைத்தும் ஏ-டெசிபலே. விதிவிலக்கு வருமிடத்தில் அது குறிக்கப்படும்.

மடக்கை அளவை என்பதனாலேயே டெசிபல்களைக் கூட்டி வகுத்துச் சராசரி காண்பது தவறாகிறது. ஆயினும் அத்தவறு பதிவேடுகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நெசவாலை ஒன்றின் பராமரிப்புத் தொழிலாளி நாளின் 4 மணி நேரத்தைப் பண்டகசாலையில் 70 டெசிபலிலும், 2 மணி நேரத்தை நூல் சுற்றும் பகுதியில் 90 டெசிபலிலும், எஞ்சிய 2 மணி நேரத்தைத் தறிக்கூடத்தில் 100 டெசிபலிலும் கழிக்கிறார் என்று கொள்வோம். பள்ளிக் கணக்கின்படி சராசரி 82.5. அபாயம் ஏதுமில்லை என்று கோப்பை மூடிவிடலாம்.

ஆற்றலைக் கணக்கிட்டால் நிலைமை வேறு. ஒவ்வொரு டெசிபல் அளவையும் அதற்குரிய ஒலியாற்றலாக மாற்றி, நேரத்தால் பெருக்கி, கூட்டி, எட்டு மணி நேரத்தால் வகுத்து, மீண்டும் டெசிபலாக்க வேண்டும். அப்போது இத்தொழிலாளியின் எட்டு மணி நேரச் சமநிலை அளவு 94.4 என்று வருகிறது. இதனையே அன்றாட இரைச்சல் ஏற்பளவு என்கிறோம். சுருக்கமாக நாளேற்பு எனலாம். தறிக்கூடத்தில் கழிந்த இரண்டு மணி நேரம் மட்டுமே அந்நாளின் மொத்த ஒலியாற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் தந்துள்ளது. பண்டகசாலையின் நான்கு மணி நேரம் தந்தது ஒரு விழுக்காட்டில் கால் பங்குகூட இல்லை. தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற சராசரியின் பின்னே ஏழைகள் மறைந்துபோவதைப் பொருளியல் மாணவர்கள் அறிவர். இங்கே மறைந்துபோவது அந்த இரண்டு மணி நேரம்.

மூன்றா, ஐந்தா?

மூன்றாவது ஒரு கணக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் மாதிரி விதிகளைப் பின்பற்றிப் பல மாநிலங்கள் வகுத்த விதிகளில் ஓர் அட்டவணை இடம்பெற்றது. 90 டெசிபலில் 8 மணி நேரம், 95இல் 4 மணி நேரம், 100இல் 2 மணி நேரம், 105இல் 1 மணி நேரம், 110இல் அரை மணி, 115இல் கால் மணி. அதற்குமேல் அனுமதி இல்லை. அதாவது அளவு ஐந்து டெசிபல் ஏறும்தோறும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகிறது. ஒரே நாளில் பல அளவுகள் வருமானால், ஒவ்வோர் அளவிலும் கழித்த நேரத்தை அவ்வளவுக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்தால் வகுத்துக் கூட்ட வேண்டும்; கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டினால் வரம்பு மீறப்பட்டதாகும்.

நமது பராமரிப்புத் தொழிலாளிக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். தறிக்கூடத்தின் 2 மணி நேரத்தை 2ஆல் வகுக்க ஒன்று. நூல் சுற்றும் பகுதியின் 2 மணி நேரத்தை 8ஆல் வகுக்கக் கால். ஆக ஒன்றேகால், அதாவது நூற்றுக்கு 125. இது 91.6 டெசிபலுக்குச் சமம். ஒரே மனிதர், ஒரே நாள். எண்கள் மட்டும் மூன்று: 82.5, 91.6, 94.4. முதலாவது பிழை. பின்னிரண்டும் வெவ்வேறு மாற்று விகிதங்களின் விளைவு. செலாவணிச் சந்தையில் வழங்கும் அந்தச் சொல் இங்கும் பொருந்துகிறது. நேரத்துக்கும் டெசிபலுக்கும் இடையே என்ன விலை நிர்ணயம் செய்கிறோம் என்பதே அது.

ஐந்து டெசிபல் விகிதம் எப்படி வந்தது? அமெரிக்கா 1969இல் அரசு ஒப்பந்தத் தொழிலகங்களுக்கு வகுத்த விதியில் அது இடம்பெற்றது. தொழிலாளி ஓயாமல் இரைச்சலில் நிற்பதில்லை, இடையிடையே ஓய்வு கிடைக்கிறது, அவ்வோய்வில் செவி ஓரளவு தேறுகிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. மூன்று டெசிபல் விகிதமோ, செவிக்குப் போய்ச் சேரும் மொத்த ஆற்றலே கேட்டை நிர்ணயிக்கிறது என்ற கொள்கையில் நிற்பது. பிரிட்டனில் பர்ன்ஸ், ராபின்சன் ஆகியோர் தொழிலாளரிடையே நிகழ்த்தி 1970இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு வலுவூட்டியது. இன்று உலகத் தர நிறுவனத்தின் முறையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு ஆணையும் மூன்றையே கொள்கின்றன. மேற்குறித்த அமெரிக்க ஆய்வு நிறுவனமும் 85 டெசிபல், மூன்று டெசிபல் விகிதம் என்று பரிந்துரைத்தது. எனினும் அந்நாட்டின் சட்ட வரம்பு 90, ஐந்து என்றே தொடர்கிறது.

என் கருத்தில், இடையிடையே ஓய்வு கிடைக்கும் என்ற கற்பிதம் நம் நாட்டின் தறிக்கூடத்துக்கோ, ஆணிப் பட்டறைக்கோ, கல்லுடைக்கும் ஆலைக்கோ பொருந்துவதாக இல்லை. அட்டவணை 90இல் தொடங்குவதால் எழும் மற்றொரு குறையையும் கவனிக்க வேண்டும். 89 டெசிபலில் நாளொன்றுக்கு 12 மணி நேரம் நிற்பவருக்கு அவ்வட்டவணையின்படி ஏற்பு சுழியம். 85 டெசிபல், மூன்று டெசிபல் விகிதம் என்று கணக்கிட்டால் அவர் வரம்பைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கை ஏற்கிறார்.

பிவண்டியின் பன்னிரண்டு மணி நேரம்

மகாராஷ்டிரத்தின் பிவண்டி நகரம் நாட்டின் பெரிய விசைத்தறி மையங்களுள் ஒன்று. உத்தரப் பிரதேசம், பீகார், தெலங்கானா முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களே அங்கே தறி ஓட்டுவோரில் பெரும்பாலோர். பகல் ஒருவர், இரவு ஒருவர் எனப் பன்னிரண்டு மணி நேர முறைகளில் தறிகள் ஓடுவது அங்கு நெடுநாள் வழக்கம். பழைய வகைத் தறியில் ஊடை நூலைச் சுமக்கும் நாடா, ஒரு பக்கத்தில் அடிக்கப்பட்டு மறுபக்கத்தில் தடுத்து நிறுத்தப்படுகிறது. நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் இவ்வடி விழும். தாழ்ந்த கூரையும் வெற்றுச் சுவர்களும் உள்ள அறையில் பல தறிகள் நெருங்கி நின்று ஓடும்போது 95 முதல் 100 டெசிபல் வரை இரைச்சல் எழுவது இயல்பு.

98 டெசிபல் என்று கொள்வோம். உணவுக்கு ஒரு மணி நேரம் போக, 11 மணி நேரம் தறிகளிடையே நடப்பவருக்கு ஐந்து டெசிபல் விகிதத்தில் அனுமதிக்கப்பட்ட நேரம் 2 மணி 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அவர் ஏற்பது நூற்றுக்கு 417. 85 டெசிபல், மூன்று டெசிபல் விகிதத்தில் அனுமதி 24 நிமிடம் மட்டுமே. அவர் ஏற்பது வரம்பைப்போல் 27 மடங்கு. எட்டு மணி நேரத்துக்கு ஈடாக்கினால் நாளேற்பு 99.4 டெசிபல்.

வாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகத் தரங்கள் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்ற நாற்பது மணி நேர வாரத்தை அடிப்படையாகக் கொண்டவை. நம் சட்டம் அனுமதிக்கும் 48 மணி நேர வாரமே அதனினும் 0.8 டெசிபல் கூடுதல். பிவண்டியின் 66 மணி நேர வாரத்தில் அது 2.2 டெசிபலாகி, 98 என்பது 100.2 ஆகிறது. 2023இல் கர்நாடகமும் 2025இல் குஜராத்தும் வார வரம்புக்கு உட்பட்டு நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை பணிக்கு இடமளித்தன. வார மொத்தம் மாறாதவரை வார ஏற்பும் மாறாது என்பது உண்மையே. ஆனால் 12 மணி நேரப் பணிக்கு 90 என்ற வரம்பு, ஐந்து டெசிபல் விகிதத்திலேயே 87ஆக இறங்க வேண்டும் என்பதை நேரத்தை நீட்டித்த எந்த ஆணையோடும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அளக்கும் முறை

இருவகைக் கருவிகள் பயன்படுகின்றன. ஒன்று கையில் ஏந்தும் ஒலிமட்டமானி. மற்றொன்று தொழிலாளி உடலில் அணியும் டோசிமீட்டர். பணி ஓரிடத்தில், ஒரே தன்மையாக நிகழுமானால் முதலாவது போதும். அலைந்து திரிந்து வேலை செய்வோருக்கு இரண்டாவதே ஏற்றது. டோசிமீட்டரின் ஒலிவாங்கியை, இரைச்சல் மிகுதியாகப் படும் காதின் பக்கமாக, தோளுக்கு மேல் சுமார் 4 சென்டிமீட்டர் உயரத்தில், செவித்துளையிலிருந்து 10 சென்டிமீட்டருக்குக் குறையாத தொலைவில் பொருத்த வேண்டும். ஒலிமட்டமானியாயின், நிற்பவருக்குத் தரையிலிருந்து ஏறக்குறைய 155 சென்டிமீட்டர் உயரத்தில், அவர் தலை இருக்கும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். அளப்பதற்கு முன்னும் பின்னும் அளவுதிருத்தியைப் பொருத்திச் சரிபார்ப்பது கட்டாயம். இரண்டு சரிபார்ப்புகளுக்கும் இடையே அரை டெசிபலுக்கு மேல் வேறுபாடு தோன்றினால் அன்றைய அளவுகளைக் கைவிடுவதே முறை. இதனை வலியுறுத்தக் காரணம், பல அறிக்கைகளில் சரிபார்ப்பைப் பற்றிய ஒரு வரிகூட இருப்பதில்லை.

ஐ.எஸ்.ஓ. 9612 என்னும் 2009ஆம் ஆண்டுத் தரம் மூன்று வழிகளைக் காட்டுகிறது. முதலாவது, நாளைப் பணிக்கூறுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று முறை, முறைக்கு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் அளப்பது. மூன்றும் 3 டெசிபலோ அதற்கு மேலோ வேறுபட்டால் மேலும் அளக்க வேண்டும், அல்லது அக்கூற்றை மேலும் பிரிக்க வேண்டும். இரண்டாவது, ஒரே வகை வேலை செய்வோரைக் குழுவாக்கி, நேரத்தையும் ஆளையும் மாற்றி மாதிரிகள் எடுப்பது. மூன்றாவது, முழு நாளையும் அளப்பது; இதற்குக் குறைந்தது மூன்று நாள் வேண்டும். நம் நாட்டிலும் பணியிட இரைச்சல் ஏற்பை மதிப்பிடுவதற்கு ஐ.எஸ். 7194 என்ற தரம் உண்டு.

எவ்வழியாயினும், அளப்பவர் முதலில் செய்ய வேண்டியது கருவியை எடுப்பதன்று. தொழிலாளியிடமும் மேற்பார்வையாளரிடமும் தனித்தனியே பேசி நாளின் நடப்பைக் கேட்டு எழுதுவது. வாரத்துக்கு ஒருமுறை அழுத்தக் காற்றால் இயந்திரங்களை ஊதித் துப்புரவு செய்யும் அரை மணி நேரம் எந்த வேலைப் பட்டியலிலும் இராது. ஆனால் அந்நாளின் ஏற்பில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கக்கூடும். ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் சில தறிகள் அன்று பழுதடைந்து நிற்பதும் உண்டு. ஆதலால் எத்தனை இயந்திரங்கள் ஓடின, என்ன துணி, எந்த முறை என்பனவற்றையும் எண்ணோடு எழுத வேண்டும். டோசிமீட்டர் அணிந்தவர் ஒலிவாங்கியைத் தட்டினாலோ அதன் அருகே கூவினாலோ பொய்யான உயர்வு பதியும். நேரவாரிப் பதிவைப் பார்த்து அதனை நீக்கலாம், ஆனால் அருகிலிருந்து கவனித்தவர் குறிப்பு இருந்தால்தான் நீக்க முடியும். சம்மட்டி, உலோக அச்சழுத்தி போன்றவற்றின் திடீர் அடிகளுக்குக் கணக்கு வேறு. அங்கே ஏ-டெசிபலைக் கொள்ளாமல் உச்ச அழுத்தத்தை அளக்கின்றனர். 140 டெசிபல் உச்சமுள்ள அடிகள் நாளொன்றுக்கு நூறுக்கு மேல் கூடாது என்று மாதிரி விதிகள் கூறின.

காதடைப்பான் கொடுத்துவிட்டோம் என்ற பதில் ஆய்வுகளில் அடிக்கடி கேட்கப்படுவது. 30 டெசிபல் குறைக்கும் திறனுள்ள அடைப்பானை எட்டு மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தால், அந்நாளுக்கு அது தந்த உண்மையான பாதுகாப்பு 12 டெசிபல்தான். வெப்பமும் பஞ்சுத் தூசும் நிறைந்த கூடத்தில், மேற்பார்வையாளரின் கூவலைக் கேட்டாக வேண்டியவர், அரை மணி நேரம் மட்டுமா கழற்றுவார்? இயந்திரத்தை மாற்றுவதும், அதிர்வைத் தடுப்பதும், ஒலி உறிஞ்சும் கூரை அமைப்பதும் முதலீடு கோருவன, அடைப்பான் மலிவு. மலிவான வழியின் எஞ்சிய செலவு தொழிலாளியின் செவியிலிருந்து வசூலாகிறது. அது எந்த வரவு செலவுக் கணக்கிலும் பதிவாவதில்லை.

சட்டத்தின் நிலை

ஒரு குழப்பத்தை இங்கே நீக்கிவிடலாம். 2000ஆம் ஆண்டின் இரைச்சல் மாசு விதிகள் தொழிற்பகுதிக்குப் பகலில் 75, இரவில் 70 டெசிபல் என்று விதிக்கின்றன. அது சுற்றுப்புறத்துக்குரியது, ஆலைக்குள் நிற்பவரின் செவிக்கு அதில் இடமில்லை. சுரங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டிலேயே சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் தனிச் சுற்றறிக்கை விடுத்தது.

தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டம் அதனுள் அடங்கிவிட்டது. பணியிடத் தரங்களை அறிவிக்கும் பொறுப்பை அதன் 18ஆம் பிரிவு மத்திய அரசிடம் ஒப்படைக்கிறது. 90 டெசிபலும் ஐந்து டெசிபல் விகிதமும் தொடர வேண்டுமா என்பதை முடிவு செய்ய இது தக்க வாய்ப்பு. ஆனால் மின்விசை பயன்படும் இடத்தில் தொழிற்சாலை எனக் கருதப்படுவதற்கான ஆள் எண்ணிக்கை 10இலிருந்து 20ஆக உயர்ந்துள்ளது. தறிகளைச் சிறு சிறு கூடங்களாகப் பிரித்து வைக்கும் வழக்கமுள்ள தொழிலில் இந்த எண் சாதாரணமானதன்று. மும்பையிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், சென்னை, கான்பூர், கொல்கத்தா முதலிய இடங்களிலுள்ள மண்டல நிறுவனங்களும் அளவீட்டுப் பயிற்சி அளிக்கும் திறன் பெற்றவை. ஆனால் பத்துப் பேர் கொண்ட தறிக்கூடம் டோசிமீட்டர் வாங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தொழில் மையந்தோறும் பொதுக் கருவிகளும் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், ஒரே வகைக் கூடங்களைக் குழுவாக்கி மாதிரி எடுக்கும் இரண்டாவது வழி பெரிய செலவின்றி நடைபெறும்.

இரைச்சலால் நேரும் செவித்திறன் இழப்பு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் உள்ளது. இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலிலும் உள்ளது. மாதிரி விதிகளின்படி, வரம்பு மீறிய இடத்தில் சேருவோருக்கு முதல் 14 நாட்களுக்குள்ளும் பின் ஆண்டுக்கு ஒருமுறையும் செவிச் சோதனை நடத்தப்பட வேண்டும். ஆயினும் இழப்பீடு கோருபவர் இத்தனை ஆண்டுகள் இவ்வளவு இரைச்சலில் பணியாற்றினேன் என்று காட்ட வேண்டியவராகிறார். பிவண்டியில் ஓராண்டு ஒரு கூடம், மறு ஆண்டு வேறு கூடம், இடையில் அறுவடைக்குச் சொந்த ஊர் என்று வாழ்பவரிடம் அதற்கு என்ன சான்று இருக்கும்? அளவீடு நிகழ்ந்திருந்தாலும் அதன் தாள் அவர் விட்டுவந்த கூடத்தின் அலமாரியில் இருக்கும். சேர்ந்த நாளின் செவிச் சோதனை முடிவும், ஒவ்வோராண்டின் நாளேற்பும், அளந்த தேதியும், அளந்தவர் கையொப்பமும் கொண்ட ஒரு சீட்டைத் தொழிலாளியின் கையிலேயே கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒரு தாளின் விலைதான். புதிய விதிகளில் அதற்கு ஒரு வரி போதும்.